கைராசிக்காரியின் செவலை

சின்னத்தங்கத்தை ஏமாற்ற இன்னோர் ஆள் பிறந்துதான் வரவேண்டும் என்று குருக்கள்மடத்தில் சொல்வார்கள். முதலில் அதைச் சொன்னது அவள்தான். சொல்லிச் சொல்லி ஊருக்கும் பழகிப்போனது. மீன்காரனின் தராசைத் தன் கையால் தூக்கிப் பார்க்காமல் அவள் மீன் வாங்கியதில்லை. வன்னியில் சண்டை முடிந்ததென்று ரேடியோ சொல்லி, ரோட்டில் வெடி கொளுத்தி, சென்றியில் நின்ற ஆமிக்காரன் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தான். "முடிஞ்செண்டா ஏன் இன்னும் அடையாள அட்டை கேக்கிறான்?" என்று கேட்டுவிட்டு அந்தச் சோற்றைக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டாள். 

அப்படிப்பட்டவள் ஆனி மாதத்தில் ஒரு காலை, பால் கறக்கக் குந்தியபோது, தன் பசு செவலையின் பின்பக்க வலக்காம்பு இறுகிக் கிடப்பதைக் கண்டாள். பீய்ச்சினால் பால் இல்லை. மஞ்சள் தண்ணீரும் திரி திரியாகக் கட்டியும் வந்தன. செவலை காலைத் தூக்கி உதறியது. முன்பக்க இடக்காம்பு மாசி மாதத்தில் இதே மாதிரித்தான் இறுகி, வற்றி, செத்துப்போனது. நாலில் ஒன்று போய், இப்போது இரண்டாவது. மடி செத்த மாட்டை வைத்துத் தீனி போட யாரால் முடியும்? இறைச்சிக்கு மாடு ஏற்றும் வியாபாரி பக்கீரின் லொறி கிழமைக்கு ஒரு தடவை அந்த வீதியால் போகும். ஆச்சிப்பிள்ளையின் பசு வெள்ளச்சி போன மாதம் அதில்தான் ஏறியது. 

செவலை அவளுக்குச் சும்மா மாடில்லை. கடல் வந்து வீட்டையும் புருஷன் கந்தப்போடியையும் கொண்டுபோன பிறகு, ஏதோவொரு வெளிநாட்டு நிறுவனம் காதில் மஞ்சள் வில்லை குத்திக் கொடுத்த ஜேர்சிக் கன்று அது. அதன் பால்தான் அவளுடைய சோறு. சோறு மட்டுமா, பேரும் அதுதான். சின்னத்தங்கம் ஊரின் கைராசிக்காரி. மாடு கன்று போட்டால் முதல் பால் கறக்க வெற்றிலை வைத்து அவளைத்தான் அழைப்பார்கள். மடி வீங்கினாலும் அவளைத்தான். கைராசிக்காரியின் சொந்த மாடே மடி செத்து லொறி ஏறினால், பிறகு அந்தக் கையை எவள் கூப்பிடுவாள்? செவலை போனால் கையின் பேரும் கூடவே போய்விடும்.

அந்தப் பேர் வந்த கதை வாவிக்கு அக்கரையில் நடந்தது. சின்னத்தங்கம் பிறந்த ஊர் அம்பிளாந்துறை. அந்தக் கரை அப்போது புலிகள் இயக்கத்தின் கையில், இந்தக் கரை ஆமியின் கையில். துறையடியில் பாதை எனும் மிதவைப் படகில் ஏறுமுன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பார்கள். பற்றரி போகாது, மருந்து போகாது. மனுசருக்கே குளிசை இல்லாத காலத்தில் மாட்டுக்கு ஏது? சின்னத்தங்கம் மடிக்குப் போடும் ரியூப் ஒன்றைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு போவாள். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், காம்புத் துளைக்குள் நுழைய ஒரு மெல்லிய மூக்கு. ஒரு காம்புக்கு ஒன்று என்பது முறை. அவள் அதை நாலு வீட்டு மாட்டுக்குப் பங்கிடுவாள். வீக்கம் கொஞ்சம் வற்றியதும் நிற்பாட்டிவிட்டு, மிச்சத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவாள். மாடுகளும் சுகமாயின. "அவள் தொட்டாக் காணும்" என்று பேச்சு எழும்பியது.

அந்தக் கரையும் ஆமி வசமாகி, மருந்து கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியும் பஞ்சத்தில் பழகிய கை மாறவில்லை. முழு ரியூப்பையும் ஒரே காம்புக்குள் அமத்துகிறவர்களைக் கண்டால், சோற்றைக் குப்பையில் கொட்டுகிறவர்களைக் கண்ட மாதிரி அவளுக்கு ஆத்திரம் வரும்.

சரி, செவலைக்கு இதைச் செய்தது யார்? சின்னத்தங்கத்தின் சந்தேகம் முதலில் வேலிக்கு மேலால் பாய்ந்தது. அந்தப் பக்கம் கேதீஸ்வரி, கந்தப்போடியின் தங்கை. கடல் வந்தபோது எல்லைக் கல்லும் வேலியும் சேர்ந்தே போயின. திரும்ப வேலி கட்டியபோது, ஒரு முழம் தள்ளிக் கட்டினாள் என்று இவள் அவளையும் அவள் இவளையும் சொல்லப்போய், அன்றோடு பேச்சு அறுந்தது. ஆனால் கேதீஸ்வரி சட்டித் தயிர் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவளுக்குப் பால் வேண்டும், இவளுக்குப் பால் விற்கவேண்டும். ஆகையால் நாலு வருடமாக ஒவ்வொரு காலையும் பால்வாளி மட்டும் வேலிக்கு மேலால் பேசாமல் போய்ப் பேசாமல் திரும்பி வந்தது. மனுசருக்குள் இப்படியும் ஒரு உறவு.

கேதீஸ்வரியின் மாட்டுக்கும் சித்திரையில் மடி வீங்கியது. அவள் கைராசிக்காரியைக் கூப்பிடவில்லை. காத்தான்குடிக்குப் போய் அப்துல் கபூரின் கடையில் ரியூப் வாங்கிவந்து தானே போட்டாள். மாடு சுகமாகிவிட்டது. கொஞ்ச நாளாகச் சின்னத்தங்கம் போய்ப் பார்த்த மாடுகளெல்லாம் அதே கடை மருந்தில் கெட்டுப்போக, அந்த ஒரு மாடு மட்டும் எப்படித் தப்பியது? கண்ணூறுதான், அல்லது அதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது.

செத்தல் மிளகாய் மூன்றையும் ஒரு பிடி உப்பையும் செவலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். மிளகாய் அப்படிக் கமறியதில், அவளும் மாடும் வேலிக்கு அந்தப் பக்கம் கேதீஸ்வரியும் தும்மித் தள்ளினார்கள். கண்ணூறு இல்லை என்றால் மிச்சம் இருப்பது மருந்துக்கடைக்காரன். சின்னத்தங்கம் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கபூர் அப்போதுதான் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"கபூர் காக்கா, நீங்க தாற ரியூப்புக்குள்ள மருந்து இரிக்கா, தண்ணி இரிக்கா?"

"என்ன தங்கச்சி, விடியக் காலத்தால வந்து வயித்தில அடிக்கிறீங்க?"

"அஞ்சு வீட்டு மாட்டுக்குப் போட்டன். ஒண்டுக்கும் கேக்கல்ல. முந்தியெண்டா ஒரு சொட்டுப் பட்டாலே மடி வீக்கம் வத்தீரும். ஆச்சிப்பிள்ளையக்காட வெள்ளச்சி இறைச்சிக்குப் போய்ட்டு. இப்ப என்ட மாடு."

"ஒரு மாட்டுக்கு எத்தின ரியூப் போட்டீங்க?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு?"

"ஒவ்வொருக்காவும் சொல்றன் தங்கச்சி. ஒரு காம்புக்கு ஒரு முழு ரியூப். காலைக்கு, பின்னேரத்துக்கு, அடுத்த நாள் காலைக்கு. மறுகா மூணு நாளைக்கு அந்த மாட்டுப் பாலை எடுக்கப்படா, ஊத்திரணும். கேட்டீங்களா நீங்க?"

"கூட விக்கோணுமெண்டா அப்பிடித்தான் சொல்லுவீங்க."

கபூருக்கு முகம் சிவந்தது. சாம்பிராணித் தட்டை மேசையில் வைத்தார். உடைக்காத பெட்டியொன்றை அவள் முன்னாலேயே உடைத்து மூன்று ரியூப்பை எடுத்து நீட்டினார்.

"நேத்து வந்த சாமான். எனக்கு ஒண்டும் தரவேணாம். அல்லாக்காக முழுசாப் போட்டுப் பாருங்க. சுகமில்லாட்டி என்ட கடை வாசல்ல வந்து மண்ணள்ளித் தூத்துங்க, நான் ஒண்டும் பறையமாட்டன்."

சும்மா தருகிறான் என்றால் அதற்குள்ளும் என்னவோ இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். ஆனாலும் மூன்றையும் கவனமாகக் கொண்டைக்குள் செருகியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு ரியூப்பை எடுத்தாள். வருத்தக் காம்புக்குக் கொஞ்சம், நோய் தொற்றாமல் இருக்க நல்ல காம்பு இரண்டுக்கும் கொஞ்சம். மற்ற இரண்டையும் வேறு வீடுகளுக்கு உதவும் என்று பானைக்குள் ஒளித்தாள். பின்னேரம் கெட்ட காம்பின் பாலை மண்ணில் பீய்ச்சிவிட்டு, நல்ல காம்புகளின் பாலை மட்டும் வாளியில் கறந்து வேலிக்கு மேலால் கொடுத்தாள். பாலை ஊத்துவதாம். அடுத்தவன் வீட்டுப் பாலை ஊத்தச் சொல்ல யாருக்குத்தான் வாய் வலிக்கும்?

மறுநாள் காலை, நாலு வருடத்துக்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"மச்சாள், பாலுக்குள்ள என்னத்தக் கா கலந்த?"

சின்னத்தங்கம் திகைத்துப்போனாள். கேதீஸ்வரி தயிர்ச்சட்டி ஒன்றை வேலிக்கு மேலால் நீட்டிச் சரித்துக் காட்டினாள். உள்ளே பால் பாலாகவே ஆடியது.

"ஏழு சட்டி. உறை விட்டது விட்டபடி கிடக்கு. ஒண்டும் உறையல்ல."

"உன்ட உறைமோர் பழசாயிரிக்கும்."

"மத்த வீட்டுப் பாலுக்கும் அதே மோர்தான் விட்ட. அது கத்தியால வெட்டலாம் போல உறைஞ்சிரிக்கி. உன்ட பால் மட்டுந்தான் இப்பிடி."

"நீயே என்னத்தையும் போட்டுட்டு என்ட தலையில கட்டப் பாக்கிறாய்."

"அண்ணன்ட மனிசியெண்டுதான் இவ்வளவு நாளும் வாங்கின. இனி வேணா." வெறும் வாளி வேலிக்கு மேலால் வந்து விழுந்தது.

சின்னத்தங்கம் குந்தியிருந்து யோசித்தாள். கேதீஸ்வரி ஏழு சட்டித் தயிரைத் தானே நாசமாக்குகிற ஆளில்லை, கஞ்சப் பிசினாறி. அப்படியென்றால் கபூர் அந்த ரியூப்புக்குள் எதையோ கலந்து தந்திருக்கிறார். நேற்றுத் தண்ணீர் என்றவள் இன்றைக்கு நஞ்சு என்றாள். தண்ணீரும் நஞ்சும் ஒரே குழாய்க்குள் எப்படி இருக்கும் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இந்த முறை வாயால் சண்டை பிடிக்கப்போவதில்லை, அரசாங்கக் கடதாசியோடு போவேன் என்று முடிவு கட்டினாள்.

மாட்டு ஆசுப்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் கம்சாயினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சின்னத்தங்கம் சொன்னதையெல்லாம் அவள் எழுதிக்கொண்டாள். கபூரின் மருந்தால் கெட்ட ஐந்து வீட்டின் பேரையும் சின்னத்தங்கமே வரிசையாகச் சொன்னாள். "ஆச்சிப்பிள்ளைக்கு இப்ப மாடில்ல, பேரை மட்டும் எழுதுங்க மிஸ்" என்றாள். "எங்கட மச்சாள்ட மாட்டையும் ஒருக்காப் பாருங்க. அது மட்டும் எப்பிடிச் சுகமான எண்டும் தெரியோணும்."

டொக்டர் பால் எடுக்க வந்தபோது சின்னத்தங்கம்தான் வீடு வீடாகக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் டொக்டர் சவுக்காரம் போட்டுக் கை கழுவி, ஒவ்வொரு காம்பையும் தனித்தனிப் பஞ்சால் துடைத்தாள். மாட்டைத் தொட அருவருக்கிற மகாராணி எப்படி மாட்டு டொக்டரானாள் என்று சின்னத்தங்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பானைக்குள் ஒளித்த ரியூப்பில் ஒன்றையும் சாட்சிக்கு எடுத்துக் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மேசையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏடு படிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்து, அதன்மேல் சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டுகள்.

"இந்த வெள்ளையெல்லாம் பாலுக்குள்ள இருந்த கிருமி. பொட்டுகள்ல மருந்து. மருந்து கேட்டா, பொட்டைச் சுத்திக் கிருமி செத்து வட்டமா வெளிச்சிரும். இது உங்கட மச்சாள்ட மாடு. சுகமான மடியிலயும் கொஞ்சம் கிருமி இருக்கும். வட்டம் தெரியுதா?"

தெரிந்தது. ஒரு சதக்காசளவு வெளிச்ச வட்டம்.

"இது செவலை. இதெல்லாம் மத்த வீடுகள்."

வட்டம் இல்லை. எல்லாத் தட்டிலும் அந்த வெள்ளை ரியூப் மருந்துப் பொட்டின் விளிம்புவரை வந்து, மேலேயும் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. 

"அப்ப மருந்து தண்ணிதானே மிஸ்?"

"நீங்க தந்த ரியூப்பில இருந்தே எடுத்து வைச்சும் பாத்தன். மச்சாள்ட மாட்டுக் கிருமிய அது கொண்டுபோட்டுது. தண்ணியெண்டா உங்கட பால் தயிராகியிருக்கும் அக்கா. தயிரை உறைய வைக்கிறதும் ஒரு கிருமிதான், நல்ல கிருமி. பாலோட போன மருந்து அதையும் கொண்டிட்டு."

"நல்லதைக் கொல்லுது, கெட்டதைக் கொல்லாதா?"

"கெட்டதுக்கு மருந்தை நாம பழக்கிப்போட்டம். அரைகுறையாப் போட்டா, ஏலாதது சாகும், தாங்கினது மிஞ்சும். மிஞ்சினது பெருகும். திரும்ப அரைகுறை. இப்ப இந்தக் கிருமி அந்த மருந்தை மதிக்கிறதே இல்ல."

"சரி, அது எப்பிடி அஞ்சு வீட்டுக்கும் போகும்? எங்கட மாடுகள் ஒண்டாவும் மேயிறல்ல."

"அதைத்தான் நானும் யோசிச்சன். இந்த வீடுகளுக்கெல்லாம் பொதுவா இருக்கிற ஒண்டு, உங்கட மச்சாள் வீட்டுக்கு மட்டும் இல்ல. அது என்னக்கா?"

சின்னத்தங்கம் கபூர் என்று சொல்ல வாயெடுத்தாள். கேதீஸ்வரியும் கபூரிடம்தான் வாங்கினாள். புல்லும் ஒன்று, தண்ணீரும் ஒன்று.

"அந்த அஞ்சு வீட்டுக்கும் மருந்து போட்டது ஆர்?"

"நான்..." என்று எப்போதும்போல் தலையை நிமிர்த்திக்கொண்டு தொடங்கினாள். 

டொக்டர் அவள் கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். விரல் மடிப்புகளில் பாளம் பாளமாக வெடிப்பு. "இதுக்குள்ளயும் இருக்கும். ஒரு மாட்டைத் தொட்டிட்டு அடுத்ததைத் தொடக்குள்ள போயிரும். ரியூப் மூக்கும் அப்பிடித்தான்."

கபூர் இந்தப் பெட்டைக்கு ஏதும் கொடுத்திருப்பானோ என்று ஒரு கணம் அவள் மனம் கடைசியாக ஒரு பிடி தேடியது. தட்டுகள் முன்னால் இருந்தன. எல்லோரையும் சந்தேகித்துப் பழகியவளுக்குத் தன் கண்ணைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

வேறு மருந்து வைத்த ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் எல்லாத் தட்டிலும் வட்டம் இருந்தது. அந்த மருந்தை ஐந்து நாள் தவறாமல் டொக்டரே வந்து ஊசியாகப் போடுவாள். செத்த காம்பு திரும்பாது, இதைக் காப்பாற்றிப் பார்க்கலாம். அதுவரையும் பாலை நிலத்தில் ஊற்றவேண்டும். கை வெடிப்பு ஆறும்வரை சின்னத்தங்கம் எந்த மடியையும் தொடக்கூடாது.

அப்படியென்றால் செவலையை யார் கறப்பது? வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"கேதீஸ்வரி, அஞ்சு நாளைக்கு என்ட மாட்டைக் கறந்து தாறியா?"

"என்னத்துக்கு? மாடு செத்தா என்ட கைக்குப் பழி போடவா?"

சின்னத்தங்கம் நடந்ததைச் சொன்னாள். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. கேதீஸ்வரி உள்ளே போனாள். சவுக்காரத்தோடு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு ரோட்டால் சுற்றி வந்து படலையைத் திறந்தாள்.

ஐந்து நாளும் கேதீஸ்வரி கறந்தாள், சின்னத்தங்கம் மூன்று முழம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தன் மாட்டைத் தொடாமல் நிற்பது பிள்ளையைப் பிறத்தியார் குளிப்பாட்டப் பார்த்துக்கொண்டு நிற்பதைப்போல் இருந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் இறுகிய காம்பு இளகி, கட்டியில்லாத வெள்ளைப் பால் வந்தது. செவலை காலை உதறவில்லை. மூன்று காம்பு தேறிவிட்டது. இனி பக்கீரின் லொறிக்கு வேலையில்லை. சின்னத்தங்கம் விம்மி விம்மி அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆச்சிப்பிள்ளை வெற்றிலைத் தட்டத்தோடு படலைக்குள் வந்தாள். கடன்பட்டு வாங்கிய நாகு மத்தியானம் கன்று போட்டிருந்தது. முதல் பால் கறக்க ஆள் வேண்டும்.

"எழும்புகா சின்னத்தங்கம், பொழுதுபடமுந்திக் கறக்கோணும். இந்த ஒண்டாவது உன்ட கையால தங்கட்டும்."

"நான் வரமாட்டன் அக்கா."

"ஏன் கா, என்னோட என்ன கோவம்?"

"வெள்ளச்சிட மடியக் கெடுத்தது கபூர் காக்காட மருந்தில்ல. நான்தான். வேற மாட்டில இருந்த வருத்தத்த இந்த விரலால கொண்டுவந்து உன்ட மாட்டுக்கு வைச்சன். மருந்தையும் பங்குபோட்டுக் கெடுத்தன்."

ஆச்சிப்பிள்ளை கண்ணைச் சுருக்கினாள். "இப்பிடிச் சொல்லச் சொல்லி அந்தக் கபூர் உனக்கு என்ன தந்த?"

"ஒண்டும் தரல்ல."

"அப்ப இவள் சொல்லித் தந்தவளா?" என்று கேதீஸ்வரியைப் பார்த்தாள்.

"இல்லக்கா. நானே தட்டில பாத்தன்."

சந்தேகிக்க வேறு யாரும் மிச்சமில்லை. ஆச்சிப்பிள்ளை சின்னத்தங்கத்தின் முகத்தையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெள்ளச்சி லொறியில ஏறாம அடம்பிடிக்கக்குள்ள, நீதானே கா கழுத்தைத் தடவித் தடவி ஏத்தின" என்றாள். "ஆர் இழுத்தும் அது வரல்ல. உன்ட கைக்குத்தான் அடங்கினது."

"ஓம்" என்றாள் சின்னத்தங்கம்.

ஆச்சிப்பிள்ளை வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு, கேதீஸ்வரியையும் கூப்பிடாமல், வந்த வழியே போனாள். அவள் வீதி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சின்னத்தங்கம் முகத்தைக் கழுவினாள். இன்னும் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது.